வாட்டம் தவறிய குளியலறை

சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில், குளித்து முடித்த பிறகும் வாசல் ஓரம் தண்ணீர் தேங்கி நிற்கும். பக்கத்து அறைச் சுவர் முழங்கால் உயரம் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறையில் நானும் மனைவியும் மகனும் தரையை உடைத்தோம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எங்குமே இல்லை. வாட்டமோ, அதாவது தண்ணீர் வடியத் தரைக்குத் தரும் சரிவு, வடிகாலை விட்டு வாசலை நோக்கி இருந்தது. வீடு கட்டியவர் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு.

வாட்டத்துக்கே இரண்டு நாள் ஆனது. 5 அடி நீளத்துக்கு முக்கால் அங்குல இறக்கம். என் மாமனார் நாற்காலி போட்டு அமர்ந்து, நூல் பிடித்து ஒவ்வொரு மூலையையும் சரிபார்த்தார். அவர் இல்லாவிட்டால் மறுபடியும் தவறியிருப்போம்.

சுவரும் தரையும் சேரும் இடங்களில் கண்ணாடியிழை வலை பதித்து, பூச்சை முதலில் குறுக்காகவும் காய்ந்த பின் நெடுக்காகவும் அடித்தோம். சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றினோம். வடிகாலை அடைத்து, 2 அங்குலத் தண்ணீர் நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டோம். மறுநாள் காலை மட்டம் அரை அங்குலம் இறங்கியிருந்தது! வடிகால் குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய இடைவெளி. அதை அடைத்துப் பூச்சடித்து மீண்டும் 48 மணி நேரம் காத்திருந்தோம். இந்த முறை கோடு அசையவில்லை.

டைல்ஸ் ஒட்டும் வேலை அதன்பின் மூன்றே நாளில் முடிந்தது. சொரசொரப்பான டைல்ஸ்தான் வேண்டும் என்று மாமியாருக்காக மனைவி பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தாள். உப்புப் பூத்த சுவரை மட்டும் இன்னும் பூசவில்லை. ஈரம் முழுதும் காயட்டும் என்று விட்டிருக்கிறோம்.