கரன்ட் அடித்த சாவா, தண்ணீரில் மூழ்கிய சாவா: பிணவறையில் பார்க்க வேண்டியவை

தொண்டிப் பக்கம் இறால் பண்ணைக் குளத்தில் மிதந்தவர், உடம்பில் காயமே இல்லை என்று போலீஸ் கொண்டுவந்தால், "மூழ்கிச் சாவு" என்று எழுதிவிடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-ஆவது பிரிவின்படி போலீஸ் எழுதிய விசாரணைத் தாள்களை முதலில் படியுங்கள், குளத்தில் தண்ணீரோடு காற்றைக் கலக்கும் காற்றூட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா, தூக்க இறங்கியவருக்கும் ஷாக் அடித்ததா என்று கேளுங்கள். பாதி பதில் அங்கேதான் இருக்கும்.

காய்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரைகூடப் போகும். உப்புத் தண்ணீரில் ஊறினால் உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும், 230 வோல்ட்டை அதால் வகுத்தால் உடம்பில் ஓடும் கரன்ட் 230 மில்லி ஆம்பியர், இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்க 100 மில்லி ஆம்பியரே போதும். அதோடு தண்ணீரில் மின்சாரம் ஒரே புள்ளியில் நுழையாமல் பரவலாக நுழைவதால் தோல் கருகாது. அதனால் நம் கடற்கரையில், தோலில் மின் தடம் (கரன்ட் பட்ட இடத்துப் புண்) இல்லை என்பதை வைத்துக் கரன்ட் இல்லை என்று சொல்லவே கூடாது.

இருந்தாலும் தேட வேண்டும். விறைத்து மடங்கிய விரல்களைப் பிரித்து உள்பக்கம் பாருங்கள், அப்புறம் விரலிடுக்கு, உள்ளங்கால், மோதிரத்துக்கு அடி. நடுவில் பள்ளம், சுற்றிலும் வெளிறி மேடிட்ட ஓரம், இதுதான் வழக்கமான மின் தடம். மீனும் நண்டும் கடித்த இடத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, பக்கத்து நல்ல தோலும் சேர வெட்டி, கெடாமல் இருக்க 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். நுண்ணோக்கியில் மேல்தோல் செல்களின் உட்கருக்கள் ஒரே பக்கமாக நீண்டு வரிசையாகத் தெரியும், ஆனால் சாதாரணச் சூட்டுப் புண்ணிலும் அப்படித் தெரியலாம். செத்த பிறகு வயரை வைத்தாலும் தடம் விழும் என்பதால், தடத்தை மட்டும் நம்பியும் எழுதக் கூடாது. தோலில் செம்போ இரும்போ ஒட்டியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொன்னால், தொட்ட பொருளோடு ஒப்பிடலாம்.

உடலைத் திறந்தால் ஏமாற்றம்தான். தாறுமாறான துடிப்பு இதயத்தில் சுவடு எதையும் விடாது. நுரையீரலில் ரத்தத் தேக்கமும் நீர்க்கோவையும் இருக்கும், அது எத்தனையோ சாவில் இருப்பது. இங்கே நம் வேலை மற்றதை ஒதுக்குவது: இதயத் தமனி அடைப்பு, தலைக்காயம் பாருங்கள், மூழ்கியதற்கு மூச்சுக்குழாய் நுரையைப் பாருங்கள், விஷத்துக்கு உள்ளுறுப்பு மாதிரி எடுங்கள். ஷாக் அடித்து விழுந்து, உயிரோடு மூழ்கியும் இருக்கலாம், அப்போது இரண்டையும் எழுத வேண்டும்.

மின் ஆய்வாளர் வரும்வரை மோட்டாரைத் தொடாமல் வைக்கச் சொல்லிப் போலீஸிடம் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள் (பண்ணைக்காரர் முதலில் செய்வது வயரை மாற்றுவதுதான்). செருப்பு, துணியைத் தூக்கிப் போடாதீர்கள். சாவுக்கான காரணம் பற்றிய கருத்தை நிலுவையில் வைத்து, ஆய்வக முடிவும் மின் ஆய்வாளர் அறிக்கையும் வந்த பிறகு, வேறு காரணம் கிடைக்கவில்லை, மோட்டாரில் மின் கசிவு உறுதியாகியிருக்கிறது என்றால், "சம்பவ இட விவரங்களோடு சேர்த்துப் பார்க்கையில் மின்சாரம் தாக்கிய மரணத்தோடு ஒத்துப்போகிறது" என்று எழுதுங்கள். தடம் கிடைக்கவில்லை என்பதையும் அதே பத்தியில் மறைக்காமல் சேர்த்துவிடுங்கள், குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.