திருகோணமலைக்குப் போகிறீர்களா? நாரி கவனம்

ஊருக்குப் போகும்போது கடவுச்சீட்டை நான்கு தடவை தொட்டுப் பார்ப்போம். நகையை எந்தப் பைக்குள் வைப்பது என்று ஒரு கிழமை யோசிப்போம். நாரியின், அதாவது கீழ்முதுகின், நினைவு மட்டும் அது பிடித்துக்கொண்ட பிறகுதான் வரும்.

எனக்குப் பிடித்தது அக்கா வீட்டுப் படலையடியில். வானின் கூரையிலிருந்து சாரதித் தம்பி பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். வாங்க வந்த அத்தானிடம் "விடுங்கள் அத்தான், நான் எடுக்கிறேன்" என்று முந்திக்கொண்டு, கையை நீட்டி வாங்கி, கால் நின்ற இடத்திலேயே நிற்க இடுப்பை மட்டும் திருப்பி விறாந்தையில் வைத்தேன். பெட்டி இறங்கிவிட்டது, நான் நிமிரவில்லை. மூன்று கிழமை விடுமுறையில் ஒன்பது நாட்கள் சுவரில் பல்லி பார்த்தே கழிந்தன.

குற்றம் பெட்டியுடையது மட்டுமல்ல. லண்டனிலிருந்து கொழும்புக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் விமானம், கட்டுநாயக்காவிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக மேலும் ஐந்தாறு மணித்தியாலம் வான். நித்திரையும் இல்லை. இறுகிப்போன முதுகோடு இறங்கி, சொந்தக்காரர் பார்க்கப் பாரம் தூக்கினால் வேறென்ன நடக்கும்? ஆகவே சாரதியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும். ஹபரணைக்கு அப்பால் காட்டு யானைகள் வீதியைக் கடக்கும் இடங்கள் உண்டு. அங்கே இருட்டில் இறங்கிக் கைகால் நீட்ட வேண்டாம். தேநீர்க் கடை வரும்வரை பொறுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் கடைசி வரிசையை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பள்ளமும் நேரே முள்ளந்தண்டில்தான் ஏறும்.

ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பல விமான நிறுவனங்களின் விதி. அது அங்கே வேலை செய்வோரின் முதுகை நினைத்து வைத்த எல்லை. ஆண்டு முழுவதும் கதிரையில் இருந்து கணினி பார்க்கும் நமக்கு 20 கிலோவே அதிகம். ஒரு பெரிய பெட்டியை இரண்டு சிறியவையாக்குங்கள். தூக்கும்போது முழங்காலை மடித்துக் குந்தி, பெட்டியை வயிற்றோடு அணைத்து எழுங்கள். திரும்புவதென்றால் பாதத்தோடு திரும்புங்கள். இதைவிட நல்ல வழி, பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிடுவது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கோணேசர் கோயிலுக்குப் பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து ஏற்றம். நடக்கக்கூடியவர்கள் வெயில் ஏறுமுன் மெதுவாக நடக்கலாம். முதுகுக்கு நடை நல்லதுதான். வழியில் மான்கள் நிற்கும், நின்று பார்த்து மூச்சு வாங்கலாம். நாரி ஏற்கனவே முறுமுறுப்பவர்கள் ஓட்டோவில் மேலே போங்கள், கோணேசர் கோபிக்கமாட்டார்.

கன்னியா வெந்நீரூற்று இன்னொரு இடம். ஏழு சின்னக் கிணறுகள், கட்டுகள் தாழ்வு. எல்லோரும் குனிந்து வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். முப்பது தடவை குனிந்து, நிமிர்ந்து, வாளியைத் தலைக்கு மேல் உயர்த்தினால் சுடுநீர் தந்த சுகம் போய்விடும். பாதி வாளி அள்ளுங்கள், அல்லது ஒருவர் அள்ள ஒருவர் குளியுங்கள். ஈரத் தரை வழுக்கும், கவனம்.

புறாத்தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகு. பிள்ளைகள் முன்னணியத்துக்குத்தான் ஓடுவார்கள். வேகப்படகு அலைமீது ஏறி விழும்போது அடி அதிகம் விழுவது அங்கேதான். எலும்பு மெலிந்த வயதில் முள்ளந்தண்டு நொறுங்கவும் கூடும். அம்மாவை, மாமியைப் பின்பக்கம் இருத்துங்கள், மெதுவாகப் போகச் சொல்லுங்கள். மார்கழி விடுமுறையில் வருகிறவர்கள் இந்த ஆசையைத் தள்ளிவைப்பதே நல்லது. அப்போது வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும். வைகாசி முதல் ஆவணி வரைதான் இந்தக் கரையில் கடல் அமைதி.

வீட்டுக்குள்ளும் பொறி உண்டு. திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவது பழகியவர்களுக்கு விளையாட்டு. இருபது ஆண்டு கழித்து ஆசைக்கு உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். கட்டிலிலிருந்து எழும்போது ஒரு பக்கம் சரிந்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

அப்படியும் பிடித்துவிட்டதா? என்னைப்போல் ஒன்பது நாள் படுக்காதீர்கள், அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. வலி தாங்குமளவுக்கு வீட்டுக்குள் நடமாடினால் விரைவில் இளகும். பெரும்பாலான பிடிப்புகள் சில கிழமைகளில் தாமாக ஆறும். சூட்டு ஒத்தடம் இதம் தரும். எண்ணெய் பூசுவதில் தவறில்லை, முதுகில் ஏறி மிதிப்பதற்கு மட்டும் யாரையும் விடாதீர்கள். கால் பலமிழந்தால், தொடையிடுக்கு மரத்தால், சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டால், விழுந்தபின் கடும் வலி வந்தால் ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

திரும்பும் நாளில் கருவாடும் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அன்போடு வந்து குவியும். முதல்நாள் மாலையே நிறுத்துப் பார்த்துப் பெட்டிகளுக்குப் பிரித்து வையுங்கள். படலையில் வான் வந்து நிற்கும்போது அத்தான் தூக்கட்டும். அவர் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பெடியன் இருக்கிறான்.