பினாங்குத் தாமான் வீட்டில் கெலுலுட் பெட்டி: முதன்முறை வைப்பவர்களுக்கு

பாகற்கொடி நிறையப் பூத்தும் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே உரத்தைக் குறை சொல்கிறோம். பாகல், வெள்ளரி, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவின் மகரந்தம் அங்கே சேராவிட்டால் அந்தப் பிஞ்சு தங்காது. பாகற்பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அதற்குள் யாராவது மகரந்தத்தைச் சுமந்து போக வேண்டும்.

அந்த வேலைக்கு நம் வீடுகளுக்கு ஏற்றது கெலுலுட் என்ற சிறு தேனீ. இங்கே பலரும் வளர்ப்பது ஹெட்டரோட்ரிகோனா இட்டாமா என்ற கறுப்பு இனம். கொட்டாது. கூட்டைக் கிளறினால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டிலும் வைக்கலாம்.

1. பெட்டிக்கு முன் பூ

கெலுலுட் வெகுதூரம் போகாது. சுமார் 500 மீட்டருக்குள் கிடைப்பதுதான் அதன் சாப்பாடு. வீட்டுத் துளசியில் கொஞ்சத்தையாவது கிள்ளாமல் பூக்க விடுங்கள். வேலியில் ஆயர் மாத்தா பெங்கான்தின் கொடி ஏற்றினால் ஆண்டு முழுக்கப் பூ இருக்கும். கூடு கட்ட மெழுகோடு மரப்பிசினும் தேவை. பக்கத்தில் மா, பலா இருந்தால் நல்லது.

2. வாங்கும்போது வாசலைப் பாருங்கள்

வெயில் ஏறுமுன் காலையில் போங்கள். கூடு இருக்கும் மரத்துண்டின் வாசலில் பிசினால் செய்த குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பு மெத்தென்று, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் கூட்டம் சுறுசுறுப்பாக இருக்கிறது. காய்ந்து நொறுங்கினால் வேண்டாம். பிறகு, திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்கால்களைக் கவனியுங்கள். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மகரந்த உருண்டை இருக்கிறதா? மகரந்தம் குஞ்சுகளுக்கான உணவு. அது தொடர்ந்து உள்ளே போனால் ராணி முட்டையிடுகிறது என்று நம்பலாம்.

3. இரவில் தூக்குங்கள், சாய்க்காதீர்கள்

இருட்டி எல்லாம் கூடடைந்த பிறகு வாசலை மூடிக் கொண்டுவாருங்கள். வேலைக்காரத் தேனீக்கள் ஒவ்வோர் அறையிலும் திரவ உணவை நிரப்பும். ராணி அதன் மேல் ஒரு முட்டையிட்டதும் வேலைக்காரத் தேனீக்களே அறையை மூடிவிடும். முட்டை அந்த உணவின் மேல் மிதந்துகொண்டிருக்கும். காரில் பெட்டியைப் படுக்கப்போட்டால் முட்டை மூழ்கிச் செத்துவிடும்.

4. இடம்

காலை வெயில் படலாம், மதிய வெயில் கூடாது. மழைக்கு மேலே தகரம் போடுங்கள். வாசல் அண்டை வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டாம். எறும்பு ஏறாதபடி ஸ்டாண்டின் கால்களில் கிரீஸ் தடவுங்கள். வைத்த பிறகு 'கொஞ்சம் தள்ளி வைக்கலாமே' என்று நகர்த்தாதீர்கள்; வெளியே போனவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து அலையும்.

5. டிங்கி புகை

பெட்டி வைத்தவர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். கொசுவைக் கொல்லும் மருந்து தேனீயையும் கொல்லும். தாமானில் புகையடிக்கப் போவது தெரிந்தால் முந்தின இரவே வாசலைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். புகை வரும் நேரத்தில் மட்டும் ஈரச் சாக்கால் பெட்டியைப் போர்த்தி, புகை கலைந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். மறுநாள் காலை வாசலைத் திறக்கலாம். ஒரு நாள் அடைந்து கிடந்தால் கூட்டிலிருக்கும் தேன் போதும். காய்கறிக்கு மருந்து அடிப்பவர்களும் பூ விரிந்திருக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள்.

கத்தரிக்கு மட்டும் கெலுலுட்டை நம்ப வேண்டாம். கத்தரிப் பூவில் மகரந்தம் குழலுக்குள் அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். அதைச் செய்வது மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டு. பழைய பலகையில் அதன் ஓட்டையைக் கண்டால் தயவுசெய்து அடைக்காதீர்கள், அதுவும் தேனீ இனம்தான்.

6. தேன்

தேனுக்காக மட்டும் வாங்காதீர்கள். காய் பிடிப்பதே பெரிய லாபம். மரத்துண்டின் மேல் பொருத்திய பெட்டியில் தேன்குடங்கள் நிரம்பியிருந்தால் ஒரு பகுதியை மட்டும் சிறு துளையிட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். மழைக்காலத்துக்கு மிச்சம் வையுங்கள். அடியிலுள்ள குஞ்சு அடுக்கைத் தொடக்கூடாது. கெலுலுட் தேனில் நீர் அதிகம், புளிப்பாக இருக்கும், சீக்கிரம் நுரைக்கும். ஐஸ்பெட்டியில் வைத்து, வாயு வெளியேற அவ்வப்போது மூடியைத் திறந்துவிடுங்கள்.