நெல்லைச் சீமையில் ஒரு கல்லைப் படிப்பது எப்படி?

வணிகவியலோ வரலாறோ படிக்கும் மாணவர் நிலவியலைத் தொடங்க விரும்பினால், பாறைகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஒரு கல்லை முறையாகப் பார்க்கப் பழகுவதே நல்லது. கல்லில் உள்ள கனிமங்களையும் அவை அமைந்திருக்கும் விதத்தையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் கடைசியில் தானே வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், எஃகுக் கத்தி, காந்தம், சிறிது வினிகர், குறிப்பேடு ஆகியவை போதும்.

கல் உருவான இடத்திலேயே இருக்கிறதா, வேறிடத்திலிருந்து வந்ததா என்பதே முதல் கேள்வி. பாபநாசத்தில் தாமிரபரணியில் கிடக்கும் வழுவழுப்பான உருண்டைக் கற்கள் ஆறு மேலிருந்து உருட்டி வந்தவை. அவற்றுக்கு அடியில் நிலத்தோடு பிணைந்து நிற்கும் பாறைதான் அந்த இடத்துக்கு உரியது. அதற்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருப்பதால், அங்கே படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து, புதிதாக உடைந்த முகத்தைத் தேட வேண்டும். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு பழுப்பேறி எல்லாக் கல்லையும் ஒன்றுபோலக் காட்டும். வெடி வைக்கும் குவாரிக்குள் போகவே கூடாது. வீடு கட்டும் இடத்தில் கொட்டியிருக்கும் முக்கால் இஞ்சு ஜல்லியில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழுவினாலே போதும். அதை வெயிலில் மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் மட்டும் பளிச்சென்று மின்னி மறையும் தட்டையான முகங்கள் ஃபெல்ட்ஸ்பார். எந்தக் கோணத்திலும் தட்டை முகம் காட்டாமல், உடைந்த கண்ணாடி போல வளைந்து நிற்பது குவார்ட்ஸ். இரண்டிலும் கத்தி கீறாது. நகத்தால் நெம்பினால் ஏடுஏடாக வரும் கறுப்புத் துணுக்கு பயோடைட் என்னும் கரிய அபிரகம். செந்நிற மணிகள் கார்னெட்.

இவை வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக அடுக்கியிருந்தால் அந்தக் கல் நைஸ் (gneiss) என்னும் பாறை. பட்டை தெளிவாக இல்லாமல், எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சைப் பளபளப்போடு, குவார்ட்ஸும் நீலம் பாய்ந்து தெரிந்தால் அது சார்னோகைட் என்னும் பாறையாக இருக்கலாம். வணிகத்தில் இரண்டையுமே கிரானைட் என்றுதான் விற்பார்கள் என்பதால், கடையில் சொல்லும் பெயரை அப்படியே குறிப்பேட்டில் எழுதக் கூடாது. சார்னோகைட் உருவாக ஏறத்தாழ 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், பூமிக்குள் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தமும் தேவை. அந்தக் கல் இன்று தரையிலேயே தெரிகிறது என்றால், அதன் மேலிருந்த அத்தனை பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போயிருக்கிறது என்று பொருள். இந்தப் பாடத்தில் என்னை எப்போதும் வியக்க வைப்பது இந்தக் கணக்குதான்.

சுண்ணாம்புக்கல்லை நம்பி 1949-ல் சிமெண்ட் ஆலை எழுந்த தாழையூத்துப் பக்கத்தில் கிடைக்கும் படிகச் சுண்ணாம்புக்கல்லும் ஃபெல்ட்ஸ்பார் போலவே மின்னுவதால், புதியவர்கள் இங்கே எளிதில் ஏமாறுவார்கள். கத்தியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் என்றால் கோடு விழும். கீறிய பொடியில் வினிகர் விட்டால் சிறு குமிழிகள் எழும். கடலடியில் படிந்த சுண்ணாம்பு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி இப்படிப் படிகமாகியிருக்கிறது.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகள் காற்று குவித்த செம்மணல் மேடுகள். மணிகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் இழுத்தால் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் சட்டென்று ஒட்டும். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கறுப்புக் கனிமமான இல்மனைட்டுக்கு ஈர்ப்பு குறைவு. ஒட்டாத மணலை லென்ஸின் கீழே பரப்பிக் கார்னெட்டைத் தேடுங்கள். பார்த்து முடித்ததும் மணலை அங்கேயே கொட்டிவிட வேண்டும்.