மெட்டு ஏறும் இடத்தில் அறுந்த பேஸ்: என் அனுபவம்

பழைய நாட்டுப்பாடல் ஒன்றின் ஃபிங்கர்ஸ்டைல் (விரல்களாலேயே தந்திகளை மீட்டும் முறை) வடிவத்தைக் கிட்டாரில் பழகியபோது, சி மேஜர் கார்டில் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஒரு விரல்பிடி) மெட்டு மேலே ஏறும் ஓரிடத்தில் மட்டும், கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறிமாறி மீட்டும் பேஸ் எனும் தாழ்சுர ஒலி ஒவ்வொரு முறையும் அறுந்துபோனது. வலது கட்டைவிரலைச் சந்தேகித்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளுக்கு இறக்கி, பேஸை மட்டும் வாசித்துப் பார்த்தேன், குறையே தெரியவில்லை. தந்திகளை மாற்றியும் பயனில்லை.

வாசிப்பைப் பதிவுசெய்து பாதி வேகத்தில் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது: மெட்டின் சுரம் ஒலிப்பதற்குச் சற்று முன்பே பேஸ் அடங்கிவிடுகிறது. அப்படியானால் கோளாறு இடதுகையில். முதல் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்குப் பட்டைகளால் பிரிந்த கட்டம்) எட்டச் சுண்டுவிரல் நீளும்போது, ஐந்தாம் தந்தியை அழுத்தியிருக்கும் மோதிரவிரலும் கூடவே தளர்கிறது. பேஸை மட்டும் வாசிக்கையில் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை என்பதால், எவ்வளவு நேரம் அந்தப் பயிற்சியைச் செய்தாலும் இது வெளிப்பட வழியில்லை.

ஆகவே, சுரம் வரும்வரை காத்திராமல், கார்டைப் பிடிக்கும்போதே சுண்டுவிரலை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். முந்தைய சுரங்கள் இரண்டாம் தந்தியிலேயே அமைந்திருந்ததால் இடையூறு நேரவில்லை. கிட்டாரின் கழுத்துக்குப் பின்னிருக்கும் இடது கட்டைவிரலை நடுப்பகுதிக்குத் தாழ்த்தியதும் மோதிரவிரல் நிமிர்ந்து நின்றது. பேஸ் அறுபடாமல் ஒலித்தது. பெரிய நிம்மதி.