சொங் காலத்து இரும்புக் காசு கைக்கு வந்தால்

போர்ட் லூயிஸ் சைனாடவுனிலோ இணைய ஏலத்திலோ சதுரத் துளை போட்ட சீன இரும்புக் காசு வாங்கினால், முதல் வேலையாக ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். லேசாகத்தான் இழுக்கிறதென்றால் போலி என்று தூக்கிப் போடாதீர்கள், உள்ளே முக்கால்வாசி துருவாகிப்போன காசு அப்படித்தான் இழுக்கும். நன்றாக ஒட்டிவிட்டது என்பதற்காக அது பழசு என்றும் ஆகாது, போலி வார்ப்பவனுக்கும் இரும்பு கிடைக்கும்தானே.

பழைய சீனாவை ஆண்ட சொங் அரசில் செப்புக் காசுதான் பொது. ஆனால் தென்மேற்கே சிச்சுவான் பகுதியில் இரும்பு புழங்கியது. அந்தக் கனத்தைச் சுமக்க முடியாமல் வணிகர்கள் காகிதச் சீட்டுக்குப் போனார்கள், 1024இல் அரசே ஜியாவ்ட்ஸி என்ற அந்த நோட்டை வெளியிட்டது. 1127இல் நாட்டின் வடபகுதி பகை அரசான ஜின்னின் கைக்குப் போன பிறகு, செம்பு எல்லை தாண்டிவிடக் கூடாதென்று எல்லையோர ஹுவாய் ஆற்றுப் பக்கமும் இரும்புக் காசு விட்டார்கள்.

முன்பக்கம் நாலு எழுத்து. மேல், கீழ், வலம், இடம் என்று படிக்க வேண்டும், சிலவற்றில் மேலிருந்து வலமாகச் சுற்றி. எப்படிப் படித்தாலும் பெரும்பாலும் முதல் இரண்டும் ஆட்சியாண்டுப் பெயர், அதாவது பேரரசர் தன் ஆட்சிக்காலத்துக்கு வைத்த பெயர். அப்புறம் திருப்புங்கள். 1180 முதல் வந்த காசுகளில் பெரும்பாலும் துளைக்கு மேலே காசு வார்த்த சாலையின் எழுத்து, கீழே அந்த ஆட்சிப் பெயரின் கணக்கில் ஆண்டு எண். இரண்டு படுக்கைக் கோடு இருந்தால் இரண்டாம் ஆண்டு, மூன்று என்றால் மூன்றாம் ஆண்டு, சீன மொழி தெரியாமலேயே இவ்வளவு படித்துவிடலாம்.

சரி, சுத்தம் செய்வது. குத்துவிளக்குக்குப் போடும் புளியும் எலுமிச்சையும் இதன் பக்கம் வரவே கூடாது, அமிலம் துருவோடு எழுத்தையும் தின்றுவிடும். உலர்ந்த மென்மையான பிரஷும் மூங்கில் குச்சியும் போதும், எழுத்து தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், பளபளப்பு வேண்டாம். பிறகு ஹேர் டிரையரில் சூடுகாட்டி, ஆறியதும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை (பழம்பொருள்களுக்குப் பூசும் பாதுகாப்பு மெழுகு) மெல்லிசாகத் தடவுங்கள்.

நம் மொரீஷியஸில் பெரிய தொல்லை காற்றுதான். கடற்கரையில் உப்பு, கியூர்பிப்பில் ஈரம், காவடிச் சமயத்து மழையில் எங்கேயும் தப்ப முடியாது. ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டி வியர்வைத் துளிபோல் கிளம்பினால் உள்ளே உப்பு வேலை செய்கிறது, மேலே மெழுகு பூசி மூடுவதில் பயனில்லை. உடனே காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு தனியாக வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டுமென்று அதுவே காட்டிவிடும். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் அமிலம் கசியும்.