ஹீலிங் மந்திரத்துக்கு அளவு வைப்பது எப்படி? புது டிஎம்களுக்கான செய்முறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தின் 5ஆம் பதிப்பை நடத்தத் தொடங்கும் டிஎம்களுக்கு (டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்) நாலைந்து ஆட்டங்களிலேயே இந்தத் தலைவலி வந்துவிடும்: யாரைச் சாய்த்தாலும் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரிப் பாத்திரம்) உடனே எழுப்பிவிடுகிறார், சண்டையில் பயமே இல்லை. பெரும்பாலானோர் அப்போது காயம் ஆற்றும் மந்திரமான கியூர் வூண்ட்ஸின் பகடையில் கை வைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிளெரிக் ஆடுபவருக்கு ஆட்டமே கசந்துபோகும், தொல்லையும் தீராது. விழுந்தால் எந்த நஷ்டமும் இல்லை, ஓய்வு கேட்டதும் கிடைக்கிறது: இந்த இரண்டும்தான் வேர்.

படி 1: எந்த விதிநூல் என்று முடிவு செய்யுங்கள்

2014 விதிநூலில் முதல் நிலை கியூர் வூண்ட்ஸ் 1டி8 (எட்டு முகப் பகடை ஒன்று) தரும். 2024 திருத்தத்தில் அது 2டி8. தூரத்திலிருந்தே ஆற்றும் ஹீலிங் வேர்ட் மந்திரமும் அப்படியே 1டி4-இலிருந்து 2டி4 ஆகியிருக்கிறது. இரண்டிலும் மந்திரத் திறனின் (கிளெரிக்குக்கு விஸ்டம்) கூடுதல் எண் தனியாகச் சேரும். ஒருவர் பழைய நூலையும் இன்னொருவர் புது நூலையும் வைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்தால், கீழே சொல்லும் எந்தக் கணக்கும் சரிவராது.

படி 2: குழுவின் ஒருநாள் கையிருப்பைக் கூட்டுங்கள்

மூன்றாம் நிலையில் ஃபைட்டர் (வீரர்), ரோக் (திருடர்), கிளெரிக், விசார்ட் (மந்திரவாதி) என்று நால்வர். எல்லோருக்கும் கான்ஸ்டிடியூஷன் (உடல்வலு) +2, கிளெரிக்குக்கு விஸ்டம் (ஞானம்) +3 என்று வைத்துக்கொள்வோம். நிலை ஏறும்போது சராசரி எண்ணையே எடுத்தால் ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 28, 24, 24, 20, மொத்தம் 96.

ஓய்வில் உருட்டி ஹெச்பியை மீட்கும் ஹிட் டைஸ் ஆளுக்கு மூன்று. எல்லாவற்றையும் செலவழித்தால் சராசரியாக 78 திரும்பும்.

கிளெரிக்கிடம் முதல் நிலை ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) நான்கு, இரண்டாம் நிலை இரண்டு. அத்தனையையும் கியூர் வூண்ட்ஸுக்கே கொட்டினால் 2014 விதியில் (4 × 7.5) + (2 × 12) = 54. 2024 விதியில் (4 × 12) + (2 × 21) = 90.

ஆக, மூன்றையும் கூட்டினால் கையிருப்பு 2014-இல் 228, 2024-இல் 264. இந்த எண்ணைத் தாளின் மூலையில் எழுதி வையுங்கள். ஒரு நாளில் அவர்கள் வாங்கும் அடி இதில் பாதியைக்கூடத் தொடவில்லை என்றால், ஹீலிங் மிதமிஞ்சித் தெரிவதில் வியப்பில்லை.

படி 3: பூஜ்யத்தில் என்ன நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பாருங்கள்

விசார்டிடம் 3 ஹெச்பி மிச்சம். எதிரே ஓகர் என்ற அரக்கன், ஓர் அடிக்குச் சராசரி 13. கிளெரிக்கின் கையில் 2014 ஹீலிங் வேர்ட், சராசரி 5.5. உருட்டியதில் 5 வந்தது என்று வையுங்கள்.

முன்கூட்டியே போட்டால் விசார்ட் 8-க்கு ஏறுகிறார். ஓகர் அடிக்கிறது, 13. அப்படியும் விழுகிறார். ஸ்லாட் வீண்.

போடாமல் காத்திருந்தால்? 3 ஹெச்பியோடு 13 வாங்கி விழுகிறார். ஹெச்பி பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால் மீதி 10 காற்றோடு போய்விடுகிறது. இப்போது ஹீலிங் வேர்ட். விசார்ட் 5 ஹெச்பியோடு எழுகிறார், விழுந்த தடயமே இல்லை. கிளெரிக் 60 அடி தூரத்திலிருந்தே, கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் இதைச் செய்துவிட்டு, அதே முறையில் ஆயுதத்தாலும் அடிக்கலாம்.

காத்திருப்பதே லாபம் என்று விதியே கற்றுக்கொடுக்கிறது. ஆட்டக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கணக்கைச் சரியாகப் போடுகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: பூஜ்யத்துக்கு மேல் மிஞ்சிய அடி, ஆளின் முழு ஹெச்பியைத் தொட்டால் அங்கேயே சாவு. இந்த விசார்டுக்கு அது 20. கீழ்நிலைகளில் இதை மறந்துவிடாதீர்கள்.

படி 4: விழுவதற்கு ஒரு விலை வையுங்கள்

மூன்று வழிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

முதல் வழி, எங்கள் பரிந்துரையும் இதுதான்: டெத் சேவிங் த்ரோவில் (விழுந்தவர் பிழைக்க உருட்டும் பகடை) தோற்ற கணக்கை லாங் ரெஸ்ட் (இரவுத் தூக்கம் போன்ற நீண்ட ஓய்வு) வரை அழிக்காதீர்கள். நூலின்படி ஒரு ஹெச்பி ஏறினாலே தோல்விகள் அழிந்துவிடும். இந்த மாற்றத்தில், முதல் தடவை விழுந்து ஒன்று தோற்றவர் அடுத்த தடவை ஒரு தோல்வியோடுதான் தொடங்குவார். மூன்றானால் சாவு. அவர் முன்னால் ஒரு சிவப்பு மணியையோ நாணயத்தையோ வைத்துவிடுங்கள். அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், விழுவதற்கு முன்பே ஹீலிங் கேட்கும் பழக்கம் தானாக வரும்.

இரண்டாவது, எழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிலை எக்ஸாஷன் (களைப்பு). 2024 விதியில் ஒவ்வொரு நிலைக்கும் டி20 உருட்டலில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும், தாங்கக்கூடியது. 2014 எக்ஸாஷனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் மூன்றாம் நிலையில் தாக்குதலுக்கும் சேவிங் த்ரோவுக்கும் டிஸட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) வந்துவிடும். விழுந்ததால் பலவீனமாகி மேலும் விழுவார்.

மூன்றாவது, எதிரிகளுக்குப் புத்தி கொடுப்பது. மயங்கிக் கிடப்பவரை 5 அடிக்குள் நின்று அடித்தால் அது கிரிட்டிக்கல் (உச்ச அடி). ஒரே அடியில் டெத் சேவிங் த்ரோ கணக்கில் இரண்டு தோல்வி. பசித்த ஓநாய் இதைச் செய்யாமல் உடலை இழுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கிளெரிக் எழுப்புவதை ஒருமுறை பார்த்துவிட்ட கூலிப்படைத் தலைவன் செய்வான்.

எதை எடுத்தாலும் முதல் ஆட்டத்துக்கு முன்பே மேசையில் சொல்லிவிடுங்கள். நடுச்சண்டையில் புது விதியைக் கொண்டுவந்தால் நம்பிக்கை போய்விடும்.

படி 5: ஓய்வைக் கட்டுப்படுத்துங்கள்

2014 டிஎம் கையேடு ஒரு நாளுக்கு நடுத்தரம் முதல் கடினம் வரையிலான 6 முதல் 8 மோதல்களை எதிர்பார்க்கிறது. மாலை மூன்று மணி நேரம் ஆடும் குழுவுக்கு அது நடக்கிற காரியமல்ல. நாளுக்கு ஒரே சண்டை என்றால் ஆறு ஸ்லாட்டும் அந்த ஒன்றிலேயே இறங்கும்.

அதே கையேட்டில் ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள் என்று ஒரு மாற்று விதி உண்டு. அதில் ஒரு சிக்கல்: மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) போல 8 மணி நேரம் நிற்கும் மந்திரங்களின் மதிப்பு சரியும். அதைவிட எளிது, லாங் ரெஸ்டைச் சத்திரம், கோட்டை, கோயில் போன்ற பாதுகாப்பான இடங்களுக்கு மட்டும் ஒதுக்குவது. காட்டில் தூங்கினால் ஷார்ட் ரெஸ்ட் கணக்கு. நான்கு நாள் பயணம் முழுவதும் ஒரே கையிருப்பில் ஓட வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் இரவு மிச்சமிருக்கும் ஒரு ஸ்லாட்டுக்கு அப்போதுதான் மதிப்பு தெரியும்.

படி 6: சண்டைக்கு வெளியே நடக்கும் ஹீலிங்

ஓட்டை பெரும்பாலும் இங்கேதான். ஒரு ஸ்லாட் மொத்தம் எவ்வளவு ஹெச்பி தருகிறது என்று பெருக்கிப் பாருங்கள்.

ஹீலிங் ஸ்பிரிட் மந்திரம் 2017-இல் வந்தபோது, ஒவ்வொருவரும் அந்த மந்திரம் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போகும் முறைக்கெல்லாம் 1டி6 கிடைத்தது. ஒரு நிமிடம் என்றால் 10 ரவுண்டு. நால்வர் வரிசையாக நடந்தால் 4 × 10 × 3.5 = 140 ஹெச்பி, ஒரே இரண்டாம் நிலை ஸ்லாட்டில். 2020 திருத்தம் அதை 1 + மந்திரத் திறன் எண் தடவைகளாகச் சுருக்கியது. +3 உள்ளவருக்கு 4 தடவை, 14 ஹெச்பி. பழைய அச்சுப் பிரதியை வைத்து ஆடுபவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

குட்பெரி மந்திரம் தருவது பத்துப் பழம், பழத்துக்கு 1 ஹெச்பி. 2014 விதியில் லைஃப் டொமைன் (குணப்படுத்துவதில் தேர்ந்த பிரிவு) கிளெரிக்கின் திறன் சேர்ந்தால் பழத்துக்கு 4, மொத்தம் 40. படுக்கப் போகுமுன் மிஞ்சிய ஸ்லாட்டையெல்லாம் பழமாக்கி வைத்துக்கொள்வார்கள். லாங் ரெஸ்ட் முடிந்ததும் பழம் வாடிவிடும் என்ற ஒரு வரி போதும்.

ஹீலிங் போஷன் (குடிக்கும் மருந்து) 50 பொற்காசு, 2டி4+2. செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் கரைந்துபோகும். ஊருக்கு ஊர் வைரக் கடை வைக்காதீர்கள். இரண்டுக்கும் அதற்கு மேல் விதி தேவையில்லை.

படி 7: மூன்று ஆட்டம் ஓட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மூன்று எண்ணைக் குறியுங்கள்: எத்தனை பேர் விழுந்தார்கள், ஒரே ஆள் எத்தனை முறை எழுந்தார், லாங் ரெஸ்டுக்கு முன் எத்தனை ஸ்லாட் மிச்சம். பாதிக்கு மேல் ஸ்லாட் மிஞ்சினால் படி 5-ஐ இறுக்குங்கள். இரண்டாவது சண்டைக்கே எல்லாம் காலியானால் தளர்த்துங்கள்.

கிளெரிக் ஆடுபவரையும் கவனியுங்கள். முதல் ரவுண்டிலேயே கூட்டாளிகளுக்குப் பலம் தரும் பிளெஸ் மந்திரத்தைப் போடுகிறார் என்றால் விதி வேலை செய்கிறது. யாராவது விழட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தால் படி 4-க்குத் திரும்பிப் போங்கள்.